விளம்பரம் கேட்ட காடு

மழை பிடித்தால் இரண்டு மாதம் விடாமல் கொட்டும் ஒரு காட்டில், குழந்தைகளே, செம்பி என்று ஓர் அணில் இருந்தாள். நல்ல மனசுக்காரி. ஆனால் தனக்கு ஒன்று இனித்துவிட்டால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் அவளால் இருக்கவே முடியாது.

அந்த வருடம் மூங்கில் பூத்தது. மூங்கில் பூப்பது அபூர்வம். பூத்தால் காடெங்கும் மூங்கில் அரிசி உதிரும். விலங்குகள் வயிறு முட்டத் தின்றன. மிச்சத்தைப் பொந்திலும் வளையிலும் சேர்த்து வைத்தன. அடைமழையில் இரை தேட முடியாது. சேர்த்தது இருந்தால்தான் உயிர் தங்கும்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தான் மணவாளன் என்ற மரநாய். பளபளக்கும் ரோமம், தேன் ஒழுகும் பேச்சு. பெரிய பாறைக்குப் பின்னால் இருந்த குகையில் குடியேறினான். மறுநாளே பாறைமேல் ஏறி நின்று எல்லோரையும் கூப்பிட்டான்.

"உறவுகளே! சுற்றியுள்ள காடுகளில் சரக்கு வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். தங்கள் சரக்கைப் பற்றிக் கேட்க ஆள் கிடைக்காதா என்று அவர்கள் தவிக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். காலையில் இங்கே வந்து உட்காருங்கள். என்னோடு வந்திருக்கும் மைனா விளம்பரம் கூவும். கேளுங்கள். கேட்கிற காதுக்கு அவர்கள் அரிசி தருவார்கள். வருவதை நாம் பங்கு போட்டுக்கொள்வோம்!"

"சும்மா கேட்டால் போதுமா?" என்றது குரங்கு.

"போதும். ஆனால் பங்காளி என்றால் கொஞ்சம் முதல் போட வேண்டாமா? உங்கள் சேமிப்பைக் குகையில் வையுங்கள். அதிகம் வைத்தால் அதிகப் பங்கு. இன்னொருவரை அழைத்து வந்தால் அதற்கும் தனிப் பங்கு!"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முள்ளம்பன்றி முத்தாண்டி எதையும் இரண்டு தடவை யோசிப்பவர். அவர் கேட்டார். "கேட்பதற்குத்தானே கூலி? அதற்கு எங்கள் அரிசி உங்களுக்கு எதற்கு?"

"அண்ணனுக்குத் தொழில் தெரியாது போலிருக்கிறது," என்று மணவாளன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். செம்பியும் சிரித்தாள்.

அவள் தன் அரிசியில் பாதியைக் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் காலையில் மைனா தொண்டை கிழியக் கூவியது. "கிழக்குக் கரைக் கரடியின் மலைத்தேன்! நக்கினால் விட மாட்டீர்கள்! கிழக்குக் கரைக் கரடியின் மலைத்தேன்!"

கூவி முடிந்ததும் மணவாளன் இலைத் தொன்னையில் அரிசி நிரப்பி நீட்டினான். செம்பிக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. அடுத்த நாளும் தொன்னை வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. அவள் வைத்ததைவிட வாங்கியது அதிகமாகிவிட்டது. அவள் மீதிப் பாதியையும் கொண்டுபோய் வைத்தாள். காடு முழுவதும் மரத்துக்கு மரம் தாவித் தாவிச் சொன்னாள்.

மூங்கில் புதருக்கு அடியில் நாச்சி என்ற வெள்ளெலி குடியிருந்தாள். கண் திறக்காத குட்டிகள் மடியில். துணை பாம்புக்கு இரையாகிவிட்டிருந்தான். ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கிச் சேர்த்து, வண்டு வராமலிருக்க நொச்சி இலையை நடுநடுவே போட்டு, வளை நிறைய வைத்திருந்தாள். அந்தக் காட்டில் நொச்சி போட்டு வைப்பவள் அவள் ஒருத்திதான்.

"பயமாக இருக்கிறது அக்கா. இது போனால் எனக்கு வேறு இல்லை," என்றாள் நாச்சி.

"நான் சொல்கிறேன், நம்ப மாட்டாயா? என்னைப் பார். நான் வாங்கவில்லையா? குட்டிகளுக்குக் காலாற உட்கார்ந்து சாப்பாடு போடலாம்!"

நாச்சி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வளையைக் காலி செய்தாள். செம்பியே கூட நின்று சுமந்தாள். நாச்சியை அழைத்து வந்ததற்காக செம்பிக்குத் தனிப் பங்கும் கிடைத்தது.

மறுநாள் காலையில் செம்பி தன் தொன்னையை வாங்கினாள். ஒரு வாய் போட்டுக்கொண்டாள். மெல்லப் போன வாய் அப்படியே நின்றது.

நொச்சி வாசம்.

தொன்னையை மூக்கருகே கொண்டுபோனாள். சந்தேகமே இல்லை. நடுவே ஓர் இலைத் துணுக்குகூடக் கிடந்தது. எங்கோ தூரத்துக் காட்டிலிருந்து வந்ததாகச் சொன்ன அரிசியில் நாச்சி வீட்டு நொச்சி எப்படி வந்தது?

வாயில் இருந்ததை அவளால் விழுங்க முடியவில்லை.

அப்படியே கிழக்குக் கரைக்கு ஓடினாள். அங்கே கரடி மரத்தடியில் சாய்ந்து தேனடையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"கரடியாரே, உங்கள் தேனைப் பற்றி எங்கள் காட்டில் தினமும் கூவுகிறார்களே, அதற்கு எவ்வளவு அரிசி கொடுக்கிறீர்கள்?"

கரடி கண்ணைச் சுருக்கினார். "தேனை நான் விற்கிறேனா? கிடைப்பது எனக்கே பற்றவில்லை. யாரம்மா அப்படிக் கூவுவது? ஒரு நாளும் ஓர் அரிசியும் நான் யாருக்கும் கொடுத்ததில்லை."

 செம்பி திரும்பி ஓடி நேராகக் குகைக்குள் நுழைந்தாள். நடுப்பகல். மலைபோல் குவிந்திருக்கும் என்று அவள் நினைத்த அரிசி, ஒரு மூலையில் புற்று உயரத்துக்குக் கிடந்தது. குகையின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் கசிந்தது. அங்கே புதிதாகத் தோண்டிய ஈர மண். ஒரு மரநாய் நுழைந்து போகிற அளவுக்கு ஒரு துளை.

"யாரது?" என்று மணவாளன் எழுந்து வந்தான்.

"கரடியைப் பார்த்துவிட்டு வருகிறேன்," என்றாள் செம்பி.

அவன் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சிரிப்பு திரும்பி வந்தது. "நீ புத்திசாலி, தங்கச்சி. நாளைக் காலை காட்டுக்கோழிக் கூட்டம் முழுவதும் தங்கள் அரிசியோடு வருகிறது. அதுவரை வாயைத் திறக்காதே. நீ வைத்தது எல்லாம் உனக்குத் திரும்பி வரும். மேலே இன்னொரு பங்கும் தருகிறேன்."

"நாச்சியுடையது?"

"எந்த நாச்சி?"

செம்பி பதில் சொல்லாமல் வெளியே வந்தாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்று அவன் எண்ணிக்கொண்டான்.

வெளியே மேற்கு வானம் கறுத்துக்கொண்டிருந்தது. வழியில் குரங்கைப் பார்த்துச் செம்பி நடந்ததைச் சொன்னாள். குரங்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்குக் கிடைத்துவிட்டது. எங்களுக்குக் கிடைப்பது பொறுக்கவில்லையா? மணவாளன் காதில் இது விழுந்து அவர் நிறுத்திவிட்டால், உன்னைச் சும்மா விட மாட்டேன்!"

சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. நேற்று யாராவது தன்னிடம் சொல்லியிருந்தால் தானும் இப்படித்தான் சீறியிருப்பாள் என்றும் தோன்றியது. அவள் முள்ளம்பன்றி முத்தாண்டியைத் தேடிப் போனாள்.

"அண்ணே, அன்று உங்களைப் பார்த்து நானும் சிரித்தேன்."

"தெரியும்," என்றார் அவர். "இப்போது என்ன வேண்டும்?"

அவள் சொன்னாள். அவர் இரண்டு தடவை யோசித்தார். பிறகு தலையசைத்தார்.

பொழுது விடிந்தது. பாறையைச் சுற்றி நிற்க இடமில்லை. காட்டுக்கோழிகள் தங்கள் சேமிப்பையெல்லாம் இலைகளில் பொதிந்து கொண்டுவந்திருந்தன. நாச்சி குட்டிகளை வளையில் விட்டுவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மைனா கூவியது. மணவாளன் கையை விரித்தான். "புதிய உறவுகளே, வாருங்கள்! முதலில் உங்களுடையதை உள்ளே வையுங்கள். பிறகு பங்கு."

 செம்பி பாறைமேல் தாவி ஏறினாள்.

"ஒரே ஒரு விண்ணப்பம்! இன்று முதலில் பங்கு கொடுக்கட்டும். புதியவர்கள் பிறகு வைக்கட்டும்!"

கூட்டம் சலசலத்தது. மணவாளன் பல்லைக் காட்டினான். "வழக்கத்தை எதற்கு மாற்ற வேண்டும், தங்கச்சி?"

"அரிசி தருவது சரக்குக்காரர்கள்தானே ஐயா? கோழிகள் முன்னால் வைத்தால் என்ன, பின்னால் வைத்தால் என்ன? எங்கள் பங்கு எங்களுக்கு வந்துவிடுமே!"

"அதுவும் சரிதானே," என்றது ஒரு கிழட்டு முயல். "அதுதானே," என்று இன்னொரு குரல். பொதியைப் பிரிக்கப்போன சேவல் அலகை எடுத்துக்கொண்டது. "அவர்கள் வாங்குவதைப் பார்த்துவிட்டே நாங்கள் வைக்கிறோம்."

யாரும் அசையவில்லை. தூரத்தில் இடி உறுமியது.

"சரக்குக்காரர்கள் இன்று கொஞ்சம் தாமதம்," என்றான் மணவாளன்.

"காத்திருக்கிறோம்," என்றாள் செம்பி.  குரங்கு அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது.

காத்திருந்தார்கள். காற்று எழுந்தது. "பசிக்கிறது," என்றது ஒரு குரல். "எங்கே பங்கு?" என்றது குரங்கே.

"இதோ, உள்ளே போய் எடுத்து வருகிறேன்," என்று சொல்லி மணவாளன் மெதுவாக நடந்து குகைக்குள் போனான். உள்ளே போனதும் ஓடினான். பின்துளையில் தலையை நுழைத்தான்.

அடுத்த நொடி காடே அதிர ஓர் அலறல் கேட்டது.

துளைக்கு வெளியே முத்தாண்டி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மூக்கெல்லாம் முள் தைக்க, மணவாளன் முன்வாசல் வழியாகவே திரும்பி ஓடிவந்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தான். அரிசியை எடுத்துப்போக நேரமில்லை. மைனா அவனுக்கு முன்பே பறந்துவிட்டிருந்தது.

எல்லோரும் குகைக்குள் முண்டியடித்து நுழைந்தார்கள். மூலையில் கிடந்த சிறு குவியலைப் பார்த்தார்கள்.

"மீதி எங்கே? திருடன் தின்றுவிட்டானா?" என்று குரங்கு கத்தியது.

"கொஞ்சம் தின்றிருப்பான்," என்றாள் செம்பி. "மீதியை நாம் தின்றோம். எனக்கு வந்தது நாச்சியுடையது. உனக்கு வந்தது உனக்குப் பின்னால் வந்தவர்களுடையது."

குரங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டது. சிலர் தங்கள் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்து குவியலில் போட்டார்கள். பலர் வரவே இல்லை. கடைசியாக வைத்தவர்களுக்கு முதலில் என்று முத்தாண்டி பிரித்துக் கொடுத்தார். அது யாருக்கும் போதவில்லை.

செம்பி தன் பொந்தைத் துடைத்தெடுத்து, இருந்ததையெல்லாம் நாச்சியின் வளை வாசலுக்குக் கொண்டுபோனாள். பெரிய பெரிய தூறல் விழத் தொடங்கியிருந்தது. உள்ளே குட்டிகள் கீச்சிட்டன.

நாச்சி அரிசியை உள்ளே இழுத்துக்கொண்டாள். "உனக்கு?" என்றாள்.

"தேடிக்கொள்வேன்."

 "இதை வாங்கிக்கொள்கிறேன், அக்கா. என் குட்டிகள் பிழைக்கும். ஆனால் இனி நீ எதையாவது நல்லது என்று வந்து சொன்னால், நான் கேட்க மாட்டேன்."

செம்பி தலையை ஆட்டினாள். பிறகு மழைக்குள் இறங்கி, நனைந்த சருகுகளைப் புரட்டி இரை தேடத் தொடங்கினாள்.

நீதி: வருகிற லாபம் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று கேட்காமல் உண்பவர், அயலாரின் பசியை உண்கிறார்.