பச்சை வந்தால் தீர்மானம்

எங்கள் கோணமேட்டுக்காரர்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ சொல்கிறார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதியைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஓவியாவுக்கு ஒன்பது வயது. மொபைலில் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். திரை சிவப்பாக இருக்கும், திடீரென்று பச்சையாகும், ஆன உடனே தொடணும். சிவப்பில் தொட்டால் அவுட். அவ்வளவுதான் சங்கதி. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இதில் போட்டி, ஜெயித்தால் கேரம் போர்டு. ஒரு மாதமாக அவளுக்கு அதே நினைப்பு.

அவள் அம்மா செண்பகம் குறுக்கே வந்தாள். "இது பிள்ளைங்க விளையாடுறதுதானான்னு பெற்றோர் சங்கம் பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் போனைத் தொடக்கூடாது" என்று போனைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் கொடுத்துவிட்டாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

சங்கத்தில் மூன்று பேர். தலைவர் சிங்காரவேலு, செயலாளர் குப்பாண்டி, பொருளாளர் அருளாயி அக்கா. தங்கமான மனிதர்கள். தீர்மானம் போடாமல் தும்மக்கூட மாட்டார்கள்.

போனை மேசை நடுவில் வைத்தார்கள். பச்சை வந்தது.

"தொடலாம் என்று முன்மொழிகிறேன்" என்றார் குப்பாண்டி.

"இருங்க. எனக்கு இது மாங்காய்ப் பச்சையாத் தெரியுது" என்றார் அருளாயி அக்கா.

"மாங்காயும் பச்சைதானேக்கா."

"நாளைக்குப் பழுக்கப்போற மாங்காயை எதுல சேர்ப்பீங்க?"

அரை மணி நேரம் மாங்காயிலேயே போனது. கடைசியில் ஒருமனதாக நிறைவேறியது. தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொட்டார். 'ரொம்ப மெதுவு' என்று காட்டியது போன்.

தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப முன்கூட்டியே தீர்மானம் போட்டுடுவோம்" என்றார். நாளைக் காலை பதினோரு மணிக்குத் தொடுவது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். மறுநாள் பதினோரு மணிக்குத் திரை சிவப்பாக இருந்தது. தீர்மானத்தை மீற முடியுமா? தலைவர் தொட்டார். 'அவசரப்பட்டுவிட்டீர்கள்' என்றது.

"நேத்து மெதுவுன்னுச்சு, இன்னிக்கு அவசரம்ங்குது. இதுக்கு நாக்கு சரியில்ல" என்றார் குப்பாண்டி.

ஜன்னலில் ஓவியாவின் தலை தெரிந்தது. "மாமா, நான் ஒரே ஒரு தடவை தொட்டுக் காட்டட்டா?"

"அதெப்படிம்மா? பிள்ளைங்க தொடலாமான்னுதானே நாங்க பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றார் தலைவர்.

பாவம், பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கே இவர்கள் மண்டையில் நாலு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. 'நாங்கள் மூவரும் தோற்றதால் இது பெரியவர்களுக்கு ஏற்றதல்ல. ஆகவே பிள்ளைகளுக்கு ஏற்றது. விளையாடும்போது சங்கம் பக்கத்தில் இருக்கும்.'

இருந்தது. போட்டியில் ஓவியாவுக்கு எதிரே பக்கத்து ஊர் கவின். இரண்டு போனிலும் சிவப்பு. குப்பாண்டி எழுந்து தொண்டையைச் செருமினார்.

"இப்போது சிவப்பு. தொட வேண்டாம் என்று முன்மொழிகிறேன்."

"வழிமொழிகிறேன்" என்றார் அருளாயி அக்கா.

கவின் வாயைப் பிளந்துகொண்டு இவர்களையே பார்த்தான். பச்சை வந்தது. ஓவியா தொட்டாள். ஜெயித்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தீர்மானம் இல்லாமத் தொட்டிருக்கா. இது செல்லாது. இப்பவாவது முறைப்படி நிறைவேத்தணும். அந்தப் பச்சையை நாங்க நேர்ல பார்க்கணும், போனைக் குடும்மா."

ஓவியா போனை அவர் கையில் வைத்துவிட்டு, கேரம் போர்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

மூவரும் சங்கத்துக்குத் திரும்பி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பச்சைக்காகக் காத்திருந்தார்கள். சார்ஜ் தீர்ந்து திரை கறுப்பானது. கறுப்பு வந்தால் என்ன செய்வதென்று விளையாட்டில் ஒரு வார்த்தை இல்லை.

நேற்று அந்தப் பக்கம் போனேன். இன்னும் கூட்டம் கலையவில்லை. அருளாயி அக்கா போனைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கறுப்பு இல்லீங்க" என்றார் நிதானமாக. "நல்லா முத்திப்போன பச்சை."

குப்பாண்டி வழிமொழிந்தார். தலைவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.