கீரி திறந்த புகையடுப்பு

மிளகாய்ச் செடிகள் தாமாகவே முளைத்துக் காய்த்துக் கிடந்த ஒரு காட்டில், கரடி ஒன்று மண்ணால் புகையடுப்பு கட்டி வைத்திருந்தது. ஒரு மூலையில் கங்கு கனியும். அதன் புகை சுற்றி வந்து, மூடாமல் வைத்த சட்டிக்குள் இறங்கும். வேக வெகு நேரமாகும். வெந்துவிட்டாலோ, அந்த வாசனைக்குக் காடே கூடிவிடும்.

அங்கே ஒரு முயலுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. காய்ச்சல் போயும் வாய்க்கசப்பு போகவில்லை. எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எழுந்து நிற்கவும் தெம்பில்லை. அதன் தோழி கீரி கரடியிடம் ஓடியது.

"கரடியண்ணே, அவ பட்டினியிலேயே போயிடுவா போலிருக்கு. ஏதாவது செய்யுங்களேன்!"

"பாவம், நாக்கு செத்துப் போச்சு அவளுக்கு. காரசாரமா ஒரு மொச்சைக் குழம்பு வைக்கிறேன், இரு."

மொச்சை, தக்காளி, பூண்டு, கை நிறைய மிளகாய் எல்லாவற்றையும் சட்டியில் போட்டு, கரடி புகையடுப்பின் கதவைச் சாத்தியது.

"நான் காய்ந்த விறகு பொறுக்கிட்டு வர்றேன். கதவைத் தொடாதே!"

கரடி அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், கீரி கதவைத் திறந்தது. குப்பென்று புகை வெளியே வந்தது. மொச்சை வேகவில்லை. மூடியது. மனசு கேட்கவில்லை, மறுபடி திறந்தது. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்காத கதையைக் கேட்டிருப்பீர்கள், பிள்ளைகளே. இந்தக் கீரியால் ஆக்கவே பொறுக்க முடியவில்லை.

உச்சிவேளையில், அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்த முயலின் வளையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "லேசாப் பசிக்கிற மாதிரி இருக்குடி. ஏதாவது இருக்கா?"

கீரி பாய்ந்து போய்க் குழம்பில் கொஞ்சம் அள்ளி வந்தது. முயல் ஒரு மொச்சையைக் கடித்தது. கல்லாக இருந்தது.

"வேண்டாம்" என்று முயல் திரும்பிப் படுத்துக்கொண்டது.

கரடி வந்தபோது கீரி விம்மிக்கொண்டிருந்தது. "அண்ணே, உங்க அடுப்பு மோசம் பண்ணிடுச்சு!"

கரடி அடுப்புச் சுவரைத் தொட்டுப் பார்த்தது. "ஆறிப் போயிருக்கே. திறந்து திறந்து பார்த்தியா?"

"அவ பசிச்சுக் கேட்டா உடனே கொடுக்கணுமேன்னுதான் அண்ணே..."

"தெரியும்மா. நீ திறக்கத் திறக்கச் சூடும் புகையும் வெளியே போயிடுச்சு. இனி நான் பார்த்துக்கறேன். நீ போய் அவ பக்கத்துல உட்காரு."

கீரி போய் உட்கார்ந்தது. இனி அவள் பசியென்று கேட்பாளோ மாட்டாளோ என்று முயலையே பார்த்துக்கொண்டிருந்தது. கால்கள் அடுப்பங்கரைக்கு ஓடப் பரபரத்தன. வாலை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

பொழுது சாயும் நேரம் புகை மணம் வளைக்குள் நுழைந்தது. முயலின் மூக்கு துடித்தது.

"என்னடி இது, இப்படி மணக்குது?"

முயல் தள்ளாடி எழுந்தது. கீரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, தானே நடந்து போய்ச் சட்டியருகே உட்கார்ந்தது. ஒரு வாய் உண்டதும் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது.

கீரி பதறியது. "ஐயோ, ரொம்பக் காரமா? போதுமா?"

"பேசாம இன்னொரு அகப்பை ஊத்துடி!" என்றது முயல்.

நீதி: பொறுமை இல்லாத அக்கறை உதவிக்கே இடைஞ்சல்.