நாரை நடந்து பார்த்த வழி

ஒரு காட்டில் கோடை முற்றிவிட்டது. விலங்குகளுக்கென்று இருந்த ஒரே குளமும் வற்றி வற்றி, நடுவில் ஒரு கலங்கல் குட்டையாகச் சுருங்கிப்போனது. தண்ணீர் குடிக்க வந்தவை எல்லாம், "இன்னும் ஒரு வாரம் தாங்குமா?" என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு போயின.

அந்தக் குளக்கரையில் செங்காலன் என்றொரு நாரை இருந்தது. ஒருநாள் அது கிழக்கே மூங்கில் காட்டையும் தாண்டிப் பறந்துபோய், அங்கே ஒரு பெரிய ஏரியைக் கண்டது. நடந்து போகிற விலங்கு எதுவும் அதுவரை மூங்கில் காட்டுக்கு அப்பால் போனதே இல்லை.

திரும்பி வந்ததும் எல்லாரிடமும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே! "இவ்வளவு பெரிய செய்தியைச் சும்மா சொல்லிவிடுவதா? கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும்" என்று நாரை நினைத்தது. நாளை மறுநாள் கூட்டம் என்று அறிவித்துவிட்டது.

பிள்ளைகளே, நாரை சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இரண்டு நாளும் சோறு தண்ணீர் இல்லாமல் பேச்சைத் தயாரித்தது. தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துப் பார்த்து, கழுத்தை எங்கே வளைப்பது, இறக்கையை எப்போது விரிப்பது என்று பழகியது. பிறகு மருத மரத்து உச்சிக்குப் போய், மைனாவையும் கிளியையும் மரங்கொத்தியையும் உட்கார வைத்து முழுப் பேச்சையும் பேசிக் காட்டியது.

"வழி புரிகிறதா?" என்று கேட்டது.

"புரியாமல் என்ன? கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாம்!" என்றது மைனா. பாராட்டுவதற்கென்றே பிறந்த பறவை அது.

கூட்டத்தன்று மான்களும் முயல்களும் காட்டுப்பன்றிகளும் கரையில் கூடின. எல்லாருக்கும் முன்னால் குளத்து ஆமை வந்து உட்கார்ந்திருந்தது. நாரையும் ஆமையும் ஒரே கரையில் பல வருஷம் பழகியவர்கள். ஆமையை நாரை "அக்கா" என்றுதான் கூப்பிடும்.

நாரை உயர்ந்த கிளையில் நின்று பேசியது. ஏரியின் அலையைச் சொன்னது, தாமரையைச் சொன்னது, காலை வெயில் அதில் விழுகிற அழகைச் சொன்னது. தாகத்தில் இருந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிக் கேட்கக் கேட்க நாக்கு இன்னும் வறண்டது. வழிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

"வழி மிகவும் எளிது! கிழக்கே இரட்டைப் பாறை தெரியும். அதற்கு வலப்பக்கமாகச் சாய்ந்து மூங்கில் காட்டைத் தாண்டினால், கீழே வெள்ளிக் கம்பி மாதிரி மணல் மின்னுகிற ஒரு காய்ந்த ஓடை. அதையும் தாண்டினால் ஏரி. மொத்தமே ஐந்நூறு சிறகடிப்பு!"

ஒரு முயல் முன்னங்காலைத் தூக்கியது. "நாரையாரே, சிறகடிப்பு என்றால் எத்தனை..."

"கேள்விகள் எல்லாம் கடைசியில்!" என்றது நாரை.

கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? நாரை கழுத்தை வளைத்து இறக்கையை விரித்ததும், கூட்டம் காலைத் தட்டி, வாலை ஆட்டி, காடே அதிர ஆரவாரம் செய்தது. அந்தச் சத்தத்தில் எழுந்து கேள்வி கேட்க முயலுக்கு வெட்கமாகிவிட்டது. பக்கத்திலிருந்த காட்டுப்பன்றியிடம், "மாமா, உங்களுக்குப் புரிந்ததா?" என்று மெல்லக் கேட்டது.

"புரியாமல் என்ன!" என்று உறுமியது பன்றி. அதற்கும் ஒன்றும் புரியவில்லை.

ஆமை மட்டும் அப்போதே கிளம்பிவிட்டது. "நான் மெதுவாக நடக்கிறவள். இப்போதே புறப்பட்டால்தான் போய்ச் சேர முடியும். தம்பி சொன்னால் சரியாக இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தது.

மூன்று நாள் கழித்து, எல்லாரும் வந்து சேர்ந்திருப்பார்கள் என்று நாரை ஏரிக்குப் பறந்தது. கரையில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"இவ்வளவு அழகாகச் சொல்லியும் வரவில்லையே, சோம்பேறிகள்!" என்று முணுமுணுத்தபடி திரும்பியது. ஓடைக்கு மேலே வரும்போது, பள்ளத்துக் கற்களுக்கு நடுவில் ஏதோ அசைவது தெரிந்தது. கீழே இறங்கிப் பார்த்தது.

ஆமை! கொளுத்தும் வெயிலில் மல்லாந்து கிடந்து, நான்கு கால்களையும் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது.

நாரை பதறிப்போய் அலகால் நெம்பி அதைப் புரட்டிப் போட்டது. ஓட்டின் குறுக்கே நீளமாக ஒரு கீறல். "அக்கா! ஏன் இந்தப் பள்ளத்தில் இறங்கினீர்கள்? ஓடையைத் தாண்டத்தானே சொன்னேன்?"

"தாண்டத்தான் பார்த்தேன், தம்பி" என்றது ஆமை. "நீ வெள்ளிக் கம்பி என்றாய். இவ்வளவு ஆழமாக இருக்கும் என்று தெரியவில்லை. முள்ளிலும் மூங்கிலிலும் வழி தவறிய மற்றவர்கள் எல்லாம் நேற்றே திரும்பிப் போவதை வழியில் பார்த்தேன்."

நாரை ஆமையின் ஓட்டிலிருந்த மண்ணை அலகால் தட்டிவிட்டது.

"உன் மேல் தப்பில்லை" என்றது ஆமை. "நீ அருமையாகப் பேசினாய். எல்லாரும் எவ்வளவு ஆரவாரம் செய்தார்கள்! எனக்குத்தான் புத்தி மட்டு. புரியவில்லை என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆமாம், அந்த இரட்டைப் பாறை எங்கே? மூன்று நாளாகத் தேடுகிறேன்."

நாரை அலகைத் தூக்கியது, காட்டுவதற்கு. பிறகு ஏதோ தோன்றி, கழுத்தைத் தாழ்த்தி, ஆமையின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்துப் பார்த்தது. பாறை தெரியவில்லை. கல்லும் காய்ந்த புல்லும்தான் தெரிந்தன.

ஆமை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நாரைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது தன்னையே குறை சொல்லிக்கொண்டதுதான் தாங்க முடியவில்லை.

"இருங்கள் அக்கா. நான் முன்னால் நடக்கிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள்" என்றது.

இறக்கையை மடக்கிக்கொண்டு நாரை நடந்தது. முள் குத்தியது, கல் சுட்டது. பள்ளத்தின் ஓரமாகவே தேடித் தேடி, கரை சரிந்து மணல் மேடாகக் கிடந்த ஓர் இடத்தைக் கண்டுபிடித்தது. ஆமை அதில் மெல்ல ஏறியது. மாலைக்குள் இரண்டும் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தன. ஆமை தண்ணீரில் இறங்கியது. தான் அத்தனை வர்ணித்த அந்த ஏரியை நிமிர்ந்து பார்க்க நாரைக்கு மனம் வரவில்லை.

திரும்பும்போதும் அது பறக்கவில்லை. குளம் வரைக்கும் நடந்தே வந்து, வழியெல்லாம் தரையில் நிற்பவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தது. வந்ததும் மரத்து உச்சிக்குப் போகவில்லை. முயலைத் தேடிப் போனது.

"முதலில் செம்மண் புற்று. அடுத்தது சாய்ந்த புளிய மரம். கடைசியில் மணல் சரிவு. புரிகிறதா?"

"புற்றுக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும்?" என்றது முயல்.

"இடப்பக்கம். அதைச் சொல்ல மறந்தேனே! நல்லவேளை கேட்டாய்."

குட்டையில் ஒரு கை அளவு சேற்றுத் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. மறுபடியும் கூட்டம் என்றதும், உடம்பெல்லாம் முள் கீறலோடு விலங்குகள் வேண்டாவெறுப்பாக வந்தன.

நாரை கிளையில் ஏறவில்லை. சேற்றில் எல்லாருக்கும் நடுவில் நின்றது.

"அன்றைக்கு நான் பறவைக்கு வழி சொன்னேன். நீங்கள் நடக்கிறவர்கள். தப்பு என்னுடையது" என்று சொல்லும்போது அதன் கழுத்து தொங்கியிருந்தது. பிறகு காலால் சேற்றில் ஒரு கோடு இழுத்து, புற்றையும் மரத்தையும் சரிவையும் குறித்தது. "பன்றியாரே, முதலில் எங்கே போவீர்கள்?"

"புற்று. இடப்பக்கம்" என்றது பன்றி.

"வேறு யாருக்கு எங்கே சந்தேகம்? இப்போதே கேளுங்கள்."

இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். நாரை பதில் சொன்னது. அவ்வளவுதான் பேச்சு. யாரும் காலைத் தட்டவில்லை, வாலை ஆட்டவில்லை. எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். சேற்றில் நாரை போட்ட கோடு அத்தனை பேர் காலிலும் மிதிபட்டு அழிந்துபோனது.

மறுநாள் மாலை எல்லாரும் ஏரியில் வயிறாரத் தண்ணீர் குடித்துக் கரையில் சாய்ந்திருந்தார்கள். மைனா பறந்து வந்தது. "நாரையாரே, முதல் கூட்டத்தில் ஒரு பேச்சுப் பேசினீர்களே! அதை இன்னொரு முறை பேசுங்களேன், காதுக்கு இனிமையாக இருக்கும்" என்றது.

"பேசு தம்பி, எனக்கும் கேட்க ஆசைதான்" என்று தண்ணீரிலிருந்து தலையை நீட்டியது ஆமை.

நாரை ஆமையின் ஓட்டிலிருந்த கீறலைப் பார்த்தது. தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது.

நீதி: கேட்பவர் நடக்க வேண்டிய வழியை முதலில் நீ நடந்து பார், அதன் பிறகு பேசு.