பிடியில் ஒரு தகடு

வட இத்தாலியில் மலையடிவாரத்து ஆயுதப் பட்டறை ஒன்றில் எர்மெத்தே என்றொரு வடிவமைப்பாளர் இருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் தொழில் பயில வந்தவள் லிவியா. ஆசானைவிட நான்கு வயது மூத்தவள். போரில் கணவன் ஒரேஸ்தேயை இழந்தவள். அவனை எதிரி யாரும் சுடவில்லை. லாரியிலிருந்து இறங்கும்போது அவனுடைய துப்பாக்கியே கைநழுவி விழுந்து வெடித்தது.

எர்மெத்தே குட்டையான இயந்திரத் துப்பாக்கி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். தோட்டாவைத் தள்ளும் கனத்த இரும்புக்குப் போல்ட் என்று பெயர். அதைக் குடைந்து, குழலின் பின்பகுதி அதற்குள்ளேயே புகுந்துகொள்ளும்படி செய்தார். தோள்கட்டையை மடக்கும்படி வைத்தார். துப்பாக்கி ஒரு முழமாகச் சுருங்கியது.

பார்க்க வந்த படை அதிகாரிகள் அன்றைக்கே வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். அவர்தான் கொடுக்கவில்லை. இன்னொரு வருஷமும் ஓடிவிட்டது.

லிவியாவுக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் சரியென்று சொல்லியாகிவிட்டது. இன்னும் என்ன பாக்கி, ஆசானே?"

எர்மெத்தே புது மாதிரியைக் கையில் எடுத்தார். நிஜத் தோட்டாக்களை நிரப்பினார்.

"மணல்மூட்டைக்குப் பின்னால் போய் நில்லுங்கள்."

அவள் போனதும், தோள் உயரத்திலிருந்து துப்பாக்கியைத் தன் காலடியிலேயே போட்டார்.

லிவியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கல்தரையில் இரும்பு மோதிய சத்தம் மட்டும் கேட்டது. மறுபடியும் போட்டார். மூன்றாம் முறையும் போட்டார். வெடிக்கவில்லை.

அவள் வெளியே வந்தாள். அவர் தோட்டாக்களை எடுத்துவிட்டு, பிடியின் முன்பக்கத்தைக் காட்டினார். அங்கே விரல் அகலத்தில் ஒரு தகடு இருந்தது.

"விழும் அதிர்ச்சியில் போல்ட் தானாக நகர்ந்துதான் துப்பாக்கி வெடிக்கிறது. கை இதை அழுத்திப் பிடித்தால்தான் போல்ட் அசையும். கைநழுவினால் இது வெறும் இரும்பு. இந்த ஒரு வருஷம் இதற்குத்தான் போயிற்று."

லிவியா தகட்டை அழுத்திப் பார்த்தாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள்.

"என் ஒரேஸ்தேயின் துப்பாக்கியில் இது இருந்திருந்தால்..."

அவள் அழத் தொடங்கினாள். எர்மெத்தே முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"விழுந்தால் சுடாது, சரி. ஒருவன் இதை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தியின் கணவனைக் குறிபார்த்தால்?"

எர்மெத்தே துப்பாக்கியை மேசையில் வைத்தார்.

"அதைத் தடுக்கும் பாகத்தை வரைய எனக்குத் தெரியவில்லை, லிவியா" என்றார். "தெரிந்திருந்தால் அதைத்தான் முதலில் வரைந்திருப்பேன்."