ஓடிப்போன கிடாயும் ராஜகுருவின் நியாயமும்

கோட்டைமலை மன்னர் மருதவர்மருக்குக் கிடாய்ச் சண்டை என்றால் உயிர். அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்திருந்தார். ஒரே ஈத்தில் பிறந்த அரண்மனை இரட்டைச் செம்மறிக் கிடாய்களை ஒவ்வொன்றாகக் களத்தில் இறக்கினார்கள். மூத்தது முட்டிய முட்டில் எதிர்க் கிடாய் சுருண்டு விழுந்தது. இளையது என்ன செய்தது தெரியுமா? பறைச் சத்தம் கேட்டதும் ஒரே ஓட்டம்! விருந்தாளி ராஜாவின் பட்டுச் சால்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கியது. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நம்ம மன்னருக்கு மானம் போயிற்று.

மறுநாள் சபையில், கிடாய்களை வளர்த்த சடையன் கைகட்டி நின்றான்.

"ஒரே தாய், ஒரே கொட்டில், ஒரே புல். ஒன்று மட்டும் எப்படியடா கோழையானது?" என்று மன்னர் உறுமினார்.

"ஏன்னு எனக்குத் தெரியலை சாமி. குட்டியிலேயே அது அப்படித்தான். இலை விழுந்தாலும் பதறும். அண்ணன்காரன் அப்பவே நாயை முட்டப் போவான்."

ராஜகுரு பரப்பிரம்ம பண்டிதர் தொண்டையைக் கனைத்தார். அவருக்குத் தெரியாத சங்கதி உலகத்தில் கிடையாது. கேட்டால் அவரே சொல்வார்.

"பிறவிக் குணமாவது மண்ணாங்கட்டியாவது! எல்லாம் வளர்ப்பு. சீடன் கோழையானால் குற்றம் குருவுடையது. மன்னரும் அவர் தம்பி இளையவரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். இருவரையும் நான்தான் வளர்த்தேன். இரண்டும் சிங்கங்கள்! இந்தப் பயலைக் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்."

மன்னர் தலையாட்டிவிட்டார். சடையன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். பாவம், வீட்டில் அவன் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவளை எந்தக் காட்டு வழியில் நடத்திக் கூட்டிப்போவான்?

சபை விகடர் தேசிங்கப்பன் எழுந்தார்.

"அருமையான நியாயம், மகாராஜா! இதைச் சடையனோடு ஏன் நிறுத்த வேண்டும்? சீடன் பயந்தால் குருவுக்கு நாடு கடத்தல் என்று எல்லாருக்கும் பொதுச் சட்டமாக்கிவிடுங்களேன்."

"பேஷ்! பேஷ்!" என்றார் பண்டிதர்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

"நல்ல காரியம் முடிந்தது. வெற்றிலை போடுங்கள்" என்று தேசிங்கப்பன் தம் வெற்றிலைப் பெட்டியை மன்னருக்கும், பக்கத்து ஆசனத்திலிருந்த இளையவருக்கும் நடுவில் வைத்தார். மன்னர் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து கொழுத்த கரப்பான் ஒன்று விர்ரென்று பறந்தது.

"ஐயோ அம்மா!"

ஒரே தாவல். மன்னர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சிம்மாசனத்தின்மேல் ஏறி நின்றார். இளையவரோ கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார்.

"ஒரே தாய், ஒரே அரண்மனை, ஒரே குரு" என்றார் தேசிங்கப்பன். "பண்டிதரே, உங்களுக்கு வண்டி கட்டச் சொல்லட்டுமா?"

பண்டிதருக்கு வியர்த்துக் கொட்டியது. "மகாராஜா, என்மேல் என்ன தப்பு? தொட்டிலில் கிடந்தபோதே கரப்பானைக் கண்டால் நீங்கள் வீறிட்டு அழுவீர்கள். இளையவர் அதைப் பிடித்து வாயில் போடப் போவார்! அது கூடவே பிறந்தது. ரத்தத்தில் இருப்பதை நான் எப்படி மாற்றுவேன்?"

"கிடாய்க்கும் ரத்தம் உண்டல்லவா, மகாராஜா?"

மன்னர் மேலே நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்தார். "சட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். சடையன் வீட்டுக்குப் போகட்டும். அந்தக் கிடாயை இனி யாரும் களத்துக்கு இழுக்காதீர்கள். தேசிங்கப்பா, இந்தா!" என்று முத்துமாலையைக் கழற்றி வீசினார்.

"இறங்கி வந்து கையில் கொடுக்கக் கூடாதா?"

"வருகிறேனய்யா. முதலில் அந்தக் கரப்பான் எங்கே போனதென்று பார்த்துச் சொல்!"