கல்பலகை மனு

ஒரு காட்டில், நட்டநடுவே ஒரு கல்மலை இருந்தது. அதன் அடிவாரத்துப் பாறை இடுக்கில் ஒரு முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. எதையும் முறைப்படிதான் செய்ய வேண்டும் என்பது அதன் பிடிவாதம். சுனையில் தண்ணீர் குடிக்கக்கூட வரிசையில் நிற்கும். முன்னால் ஒருவரும் இல்லாவிட்டாலும் நிற்கும்.

ஒருநாள் எங்கிருந்தோ ஒரு நரி வந்தது. மலையை வெட்டிக் கல் எடுக்கப் போவதாகச் சொன்னது. காடே கொதித்தது. மலை போனால் சுனையும் போகுமே! இப்போதே அடித்து விரட்டலாம் என்றது குரங்கு.

"சேச்சே, அது முறையா?" என்றது முள்ளம்பன்றி. நேரே நரியிடம் போய், ஆட்சேபணை தெரிவிக்க என்ன வழி என்று கேட்டது.

நரி பணிவாகக் கும்பிட்டது. "தாராளமாகத் தெரிவியுங்கள், அம்மா. ஆனால் மனுவைக் கல்பலகையில் எழுதித் தர வேண்டும். இலையில் எழுதினால் ஆடு தின்றுவிடும்."

நியாயம்தானே என்று முள்ளம்பன்றிக்குத் தோன்றியது. கூத்தைக் கேளுங்கள், பிள்ளைகளே! அன்று முதல் காடே மலையேறிப் பலகை பலகையாகக் கல்லைப் பெயர்த்தது. முள்ளம்பன்றி தன் முள்ளையே பிடுங்கி, 'மலையை வெட்டாதே' என்று எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தது. முயலுக்கு ஒரு மனு, மானுக்கு இரண்டு. யானைக்குக் கோபம் அதிகம், அதற்கு நாற்பது. நரி எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கி வண்டியில் ஏற்றியது. மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, பக்கத்துக் காட்டில் விற்றது.

மலை தேயத் தேய மனுக்கள் பெருகின. சுனை வற்றியது, அதற்குத் தனி மனு. பதிலே வரவில்லையே என்று குரங்கு முணுமுணுத்தது. மனு போதவில்லை போலிருக்கிறது என்றது முள்ளம்பன்றி.

கடைசியில் ஒரே ஒரு கல்தான் மிச்சம். முள்ளம்பன்றி அதில் 'என் வீட்டை இடிக்காதீர்கள்' என்று முத்து முத்தாக எழுதி, ஒற்றை முள் மட்டும் மிஞ்சிய முதுகில் சுமந்துபோய்க் கொடுத்தது. அது அதன் வீட்டுக் கூரை.

நரி நிதானமாகப் படித்தது. "அருமையான மனு, அம்மா. ஏற்றுக்கொண்டேன். இனி இங்கே ஒரு கல்லைக்கூட எடுக்க மாட்டேன்."

முள்ளம்பன்றிக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்கு ஓடியது. அங்கே வெட்டவெளியில், கொட்டுகிற மழையில், குட்டிகள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அம்மா, நம் வீடு எங்கே?"

முள்ளம்பன்றி மிச்சமிருந்த ஒற்றை முள்ளைப் பிடுங்கியது. எழுதத்தான் கல் இல்லை.

நீதி: பறிக்க வந்தவன் சொல்லித்தந்த வழியில் அவனை எதிர்த்தால், பறிக்கும் வேலையையும் நாமே செய்துகொடுப்போம்.