ஆட்காட்டி கண்ட சாயல்

விலங்குக்கும் பறவைக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், காதுக்கும் வாலுக்கும் கொம்புக்கும் தனித்தனியே சொல் இருந்தது. எல்லாம் சேர்ந்து தூரத்தில் ஒன்றாகத் தெரிகிறதே, அதற்கு மட்டும் சொல் இல்லை.

வற்றிய ஏரிக்குக் காவல் ஆட்காட்டிக் குருவி. ஒருமுறை கன்றுக்குட்டியை நரி என்று நினைத்து அவள் கத்திவிட்டாள். முயல் மாமா வாய்ப் புல்லோடு ஓடிப்போய்க் கருவேலமுள்ளில் விழுந்தார். முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சட்டம் போட்டார். இனி மூன்று அடையாளம் பார்த்துச் சொன்ன பிறகுதான் கத்த வேண்டும். தவறினால் அவள் ஏரியை விட்டே போக வேண்டும். கூழாங்கற்களுக்கு நடுவே அவளுடைய நான்கு முட்டைகள் கிடந்தன. முட்டையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பறவை போகும்? சரி என்றாள்.

மறுநாள் காலை காற்றே இல்லை. ஆனாலும் கோரைப்புல் ஒரு வரிசையாகச் சாய்ந்தது. நின்றது. மறுபடி சாய்ந்தது.

ஆட்காட்டி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். காதைத் தேடினாள், இல்லை. வாலைத் தேடினாள், இல்லை. தரையோடு தரையாக ஏதோ பதுங்கி வருகிறது, அவ்வளவுதான். கோரையின் ஓரத்தில் மாமாவின் இரண்டு குட்டிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அடையாளம் இல்லாமல் கத்தினால் முட்டைகள் போச்சு. கத்தாமல் இருந்து, இது நரியாக இருந்தால் குட்டிகள் போச்சு. புல் இன்னும் ஒரு முழம் சாய்ந்தது.

அவள் எழும்பினாள். "சாயுது, சாயுது, சாயல், சாயல்!"

அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் ஏரியில் மேய்ந்த எல்லாம் ஓடின. கோரையைப் பிளந்து பாய்ந்த நரியின் வாயில் புல்தான் அகப்பட்டது. தலைக்கு மேல் அவள் வட்டமிட்டுக் கத்திய கத்தலில் அது வந்த வழியே திரும்பிப் போனது.

மூச்சிரைக்க வந்த மாமா பழக்கத்தை விடவில்லை.

"மூன்று அடையாளம் சொல்லு தாயி."

"ஒன்றுகூட இல்லை மாமா."

"பின்னே எதைப் பார்த்துக் கத்தினாய்?"

"அது வந்த சாயலை."

மாமா குட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். ஒன்று இன்னும் மென்றுகொண்டிருந்தது. அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"கன்றுக்குட்டியாக இருந்திருந்தால்?"

"நீங்கள் முள்ளில் விழுந்திருப்பீர்கள்."

"விழுந்துவிட்டுப் போகிறேன். நீ கத்து."

அன்று முதல்தான், உறுப்புகள் தெரியும் முன்பே கண்ணில் படுகிற தோற்றத்துக்குச் சாயல் என்று பெயர் வந்தது. ஏரிக்குள் சும்மா நடந்து போகிற நம்மைப் பார்த்தும் ஆட்காட்டி கத்துகிறது. முயல்கள் என்ன ஏது என்று கேட்காமல் ஓடுகின்றன.